ஆல்டோவுக்கும் டெனாருக்கும் கண் இல்லை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேற்கத்திய இசைத்தாளில் சில சுரங்களின் தலைக்கு மேல் ஒரு சின்ன அரைவட்டமும், அதற்குள் ஒரு புள்ளியும் இருக்கும். அது யாரோ திருஷ்டி படாமல் இருக்க வரைந்த கண் என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு மதியம் தூக்கக் கலக்கத்தில் நம்பியதல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் ஒன்பது நாளும் முழு மனதோடு நம்பினேன்.

எனக்குக் கொடுத்திருந்தது ஓரம் செல்லரித்த ஒரு பழைய ஞானப்பாட்டுப் புத்தகம். அதில் உள்ளதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாட்டுக்கு நாலைந்து இடத்தில் இந்தக் கண் முழித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பழைய காலத்துப் பாஸ்டரம்மா கையால் வரைந்து வைத்திருக்கிறார்கள், கிறிஸ்தவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு போல, மதுரைக் காற்று யாரைத்தான் விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் புதிதாக அச்சாகும் புத்தகத்தில் மூடநம்பிக்கை எதற்கு? ஒன்பது பாட்டிலும் ஒரு கண் விடாமல் நீக்கிவிட்டு, சமூகத்துக்கு ஏதோ தொண்டு செய்த திருப்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிரேஸ் மிஸ் ஒன்பதையும் பார்த்தார். அச்சகத்தில் இசைப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, ஒம்பது பாட்டுலயும் ஒரு எடத்துல கூட நிக்கல. பாடுறவங்க மூச்சு விடுறதுக்கு நம்ம அச்சகத்துல தடை போட்டிருக்கா?"

நான் என் திருஷ்டிக் கொள்கையை விளக்கினேன். பாதியிலேயே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே, முடித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. சிவப்புப் பென்சிலுக்கு மூடி போட்டார். கூஜாவிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அவர் கோபத்தின் உச்சம் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அது நிறுத்தக் குறி தம்பி. அந்தச் சுரத்துல எல்லாரும் அப்படியே நிக்கணும். எம்புட்டு நேரம்னு காகிதத்துல இருக்காது. நடத்துறவங்க கை எறங்குற வரைக்கும் நிக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்ணுன்னு சொன்னீங்களே, அது ஒண்ணும் மோசமில்ல. அந்த எடத்துல அம்புட்டுப் பேர் கண்ணும் என் கை மேல இருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் அதற்குப் பெயர் கண். "கண் வச்சாச்சா தம்பி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது சிவக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஜெனி. நான் இருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். போன மாதம் எனக்கு அச்சகத்தில் ஓய்வு விருந்து வைத்தார்கள். அல்வாவும் மிக்சரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெனி கேட்டது: "அண்ணே, புது சாப்ட்வேர்ல ஒரு குரலுக்குக் கண் வச்சா நாலு குரலுக்கும் தானா வந்துருது. அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படிண்ணே சமாளிச்சீங்க?"

"ரொம்பக் கவனமா இருப்போம்மா" என்றேன்.

வாயில் மிக்சர் இருந்ததால் தப்பித்தேன். அது பச்சைப் பொய்.

நான் முனிச்சாலைப் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் தறி உண்டு, எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை. பட்டு நூலைப் பார்த்தாலே தும்மல் வரும். டைப்ரைட்டிங் பாஸ் செய்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் சில வருஷம் இருந்து, இந்த அச்சகத்துக்கு வந்தேன். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, ஆபீஸ் கடிதத்தில் ஒரு மொழி என்று ஏற்கெனவே மூன்று வைத்திருந்தேன். நாலாவதாக இந்த ஐந்து கோட்டு மொழி வந்து சேர்ந்தது. நேர்முகத் தேர்வில் மிஸ் கேட்டது ஒரே கேள்வி.

"பாட்டு தெரியுமா?"

"சுத்தமா தெரியாது மிஸ்."

"நல்லது. தெரிஞ்சவங்க காதுல கேக்குறத அடிச்சு வச்சுடுறாங்க. காகிதத்துல இருக்கறத அடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

வாழ்க்கையில் ஒரு விஷயம் தெரியாததற்காக எனக்கு வேலை கிடைத்தது அந்த ஒரு தடவைதான். மூன்று மாதத்தில் சுரங்களின் உருவத்தையும் நீளத்தையும் சொல்லிக் கொடுத்தார். வேறு பயிற்சி எதுவும் கிடையாது.

மிஸ் திருநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு துணிப்பை, ஒரு குடை, ஒரு கூஜா. அவர் புரூஃப் பார்ப்பதை நான் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பேன். ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை பார்ப்பார். முதல் தடவை தாளைத் தலைகீழாக வைத்துக்கொள்வார். "நேரா வச்சா பாட்டு கேக்க ஆரம்பிச்சிரும் தம்பி. பாட்டு நல்லாருந்தா தப்பு மறைஞ்சுரும். கவுத்து வச்சா வெறும் படம், எது கோணலோ அது தெரியும்" என்பார். இரண்டாம் தடவை ஒவ்வொரு கட்டத்திலும் தாளம் சரியாக இருக்கிறதா என்று மேஜையில் விரலால் எண்ணுவார். மூன்றாம் தடவை பாடுவார். சத்தம் வராது. உதடு அசையாது. தொண்டை மட்டும் லேசாக ஏறி இறங்கும். சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று நாலு குரலையும் தனித்தனியாக அப்படித்தான் பாடிப் பார்ப்பார். பேஸ் பாடும்போது மோவாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார்.

இனி, நான் செய்த காரியம் விளங்க வேண்டுமானால் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். பாட்டுப் புத்தகத்தில் நாலு குரலும் இரண்டு வரிசையில் அடங்கிவிடும். பெண்கள் பாடும் சோப்ரானோவும் ஆல்டோவும் மேல் வரிசை, ஆண்கள் பாடும் டெனாரும் பேஸும் கீழ் வரிசை. நிற்க வேண்டிய இடத்தில் மேல் வரிசைக்கு மேலே ஒரு கண் வைப்போம், கீழ் வரிசைக்குக் கீழே ஒரு கண்ணைக் கவிழ்த்து வைப்போம். பார்க்கிறவர்களுக்கு அது நாலு பேருக்கும் பொது. ஆனால் கம்ப்யூட்டருக்குப் பொது என்பதெல்லாம் தெரியாது. அதன் கணக்கில் மேல் கண் சோப்ரானோவின் சொந்தச் சொத்து. கீழ்க் கண் பேஸுடையது. நடுவில் உள்ள ஆல்டோவுக்கும் டெனாருக்கும் தனியாக வைத்தால்தான் உண்டு. வைப்பதும் இன்று போல இல்லை. பட்டியலில் குறியை எடுத்தால், கீழே வைக்கும்வரை மவுஸில் ஒட்டிக்கொண்டே இருக்கும், சொடுக்கும் இடத்திலெல்லாம் ஒரு கண் முளைக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒத்தக்கடையில் புதிதாக ஓர் ஆலயம் கட்டி முடித்தார்கள். பிரதிஷ்டைக்கு நாலு சபைகளிலிருந்து நாற்பத்தெட்டு பேர் சேர்ந்து பாடுவதென்று முடிவாயிற்று. பாட்டு, கிரேஸ் மிஸ் அந்த நாளுக்காகவே அமைத்தது. நடத்துவதும் அவரே. இது சின்ன விஷயம் இல்லை. அதுவரை சேர்ந்து பாடும் குழுவை நடத்தியவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆலயக் கமிட்டிச் செயலர் செல்லத்துரை ஐயா அச்சகத்துக்கே வந்து, மிஸ் காதில் விழும்படியாகவே மேனேஜரிடம் சொன்னார்: "டீச்சரம்மா சின்னப் புள்ளைகள நடத்துவாங்க, சரி. நாப்பத்தெட்டுப் பெரியவங்க அந்தம்மா கைக்கு நிப்பாங்களாய்யா?"

மிஸ் பென்சிலுக்கு மூடி போட்டுத் தண்ணீர் குடித்தார்.

அந்தப் பாட்டில் ஐந்து கண். கடைசி வரியின் நடுவில் இருப்பதுதான் பெரிய கண். அங்கே நாற்பத்தெட்டு பேரும் நிற்க வேண்டும், ஆலயமே அமைதியாக வேண்டும், பிறகு மிஸ் கை இறங்கியதும் கடைசி நாலு சுரத்தைப் பாடி முடிக்க வேண்டும். பாட்டின் உயிரே அந்த நிற்பதில்தான் இருந்தது. செல்லத்துரை ஐயாவுக்கான பதிலும் அங்கேதான் இருந்தது.

இரண்டு வரிசைப் பிரதியை மிஸ் மூன்று தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் பாடுகிறவர்களுக்கு அவரவர் குரல் மட்டும் தனித்தாளில் வேண்டும் என்றார்கள். எங்கள் மென்பொருளில் அதற்கு ஒரு கட்டளை உண்டு. தட்டினால் குரல்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தந்துவிடும். தட்டினேன். பிரிந்தது. அடித்தேன்.

"பிரிச்சதையும் நான் ஒரு தடவ பாக்கணுமா தம்பி?"

"எதுக்கு மிஸ்? நீங்க பாத்த அதே ஃபைல். கம்ப்யூட்டர்தானே பிரிக்குது."

"நீங்க பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன் மிஸ்."

பார்க்கவில்லை. அட்டை போட்டுக் கட்டி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் பயிற்சி நடந்தது. நடுவில் ஒருநாள் மிஸ், "ஆல்டோ பிரதியெல்லாம் நல்லா வந்துச்சா தம்பி?" என்று கேட்டார். "பிரமாதமா வந்துச்சு மிஸ்" என்றேன். பாராட்டுகிறார் என்று நினைத்து அன்று மாலை வீட்டுக்கு ஜிகர்தண்டா வாங்கிப் போனேன்.

பிரதிஷ்டை ஞாயிற்றுக்கிழமை. முந்தின சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஆலயத்தில் சட்டம் போட்டு மாட்டுவதற்காகக் குரலுக்கு ஒரு பிரதி எடுத்து, மேஜையில் நாலையும் வரிசையாகப் பரப்பினேன். சோப்ரானோ தாளில் ஐந்து கண். பேஸ் தாளில் ஐந்து கண். நடுவில் கிடந்த இரண்டு தாள்களும் குருடாக இருந்தன.

முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு தாளைத் துடைத்தேன். அப்புறம் மேனேஜருக்கு வந்திருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டேன்.

மனசுக்குள் பாட்டு ஓட ஆரம்பித்தது. கடைசி வரி. மிஸ் கையைத் தூக்குகிறார். சோப்ரானோ நிற்கிறது, பேஸ் நிற்கிறது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி நின்றுவிட, பயணிகள் மட்டும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போவதுபோல ஆல்டோவும் டெனாரும் போய்க்கொண்டே இருக்கின்றன. செல்லத்துரை ஐயா முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறார். மிஸ் தண்ணீர் குடிக்கிறார். நான் பழைய கடையில் உட்கார்ந்து "நாளது தேதியில்" என்று கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாகப் பயிற்சி நடக்கிறதே, அங்கே இது தெரிந்திருக்காதா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பயந்தவனுக்கு யோசிக்க எங்கே நேரம்?

கடைசிப் பயிற்சி அன்று மாலை நாலு மணிக்கு, ஒத்தக்கடையில். மிஸ் வருவதற்குள் நடுக் குரல் தாள்கள் அத்தனையையும் மாற்றிவிட வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது. இதுதான் திட்டம்.

டெனார் ஃபைலைத் திறந்து கண்ணை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கண் இன்னும் மவுஸில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் மேனேஜர் குரல்.

"என் டீய யாருய்யா குடிச்சது?"

கை தானாக ஒரு சொடுக்குச் சொடுக்கியது. "தெரியல சார்" என்று சொல்லிக்கொண்டே சேமித்து, பிரிண்ட் கொடுத்தேன். ஒன்பது டெனார் பிரதிகள் சூடாக வந்து விழுந்தன. ஆல்டோ ஃபைலைத் திறக்கப் போனேன். கரண்ட் போய்விட்டது.

அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. டெனார் பிரதிகளோடு, மிச்சமாகக் கிடந்த குருட்டு ஆல்டோ தாள்கள் பன்னிரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, கறுப்பு மைப் பேனாவோடு மேலூர் ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கையாலேயே வரைந்துவிடலாம். தாளுக்கு ஐந்து கண், மொத்தம் அறுபது.

பக்கத்து சீட்டில் திருவாதவூர்க்காரர் ஒருவர். பம்புசெட்டுக்கு வாங்கிய பெல்ட்டைத் தோளில் மாட்டியிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன சார், கண்ணா வரையிறீங்க?"

"ஆமாண்ணே."

"திருஷ்டிக்கா?"

எனக்கு அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இல்லண்ணே. பாட்டுக்கு. பாடுறவங்க இந்த எடத்துல நிக்கணும்."

"நிக்கணும்னா வாயால சொன்னா நிக்க மாட்டாங்களா?"

"சொல்ல வேண்டியவங்களுக்கே தெரியாதுண்ணே."

"அப்ப சரி" என்று ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும், "சார், பஸ்ஸு ஓடுறப்ப வரையாதீக. மாறுகண்ணாப் போகுது பாருங்க. நிக்கிறப்ப வரைங்க" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும், "நிக்கிது, வரைங்க, வரைங்க!" என்று அவரே குரல் கொடுத்தார். கண்டக்டர் ஒருமுறை விசில் ஊதப் போனபோது, "யோவ், இருய்யா, சார் ஒரு கண்ணு முடிக்கட்டும்" என்று தடுத்தும்விட்டார். ஒத்தக்கடை வருவதற்குள் அறுபதும் முடிந்தது.

ஆலயத்தில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கோயில்பிள்ளை, அதாவது ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிறவர், பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு நீங்க?"

"அச்சகத்துல இருந்து வாரேன். பாட்டு ஃபைல்ல ஒரு காகிதம் மாத்தணும்."

"மிஸ் சொன்னாங்களா?"

"அவங்கதான் அனுப்புனாங்க."

பொய் அன்றைக்கு எனக்கு நன்றாகச் சரளமாக வந்தது. பக்கத்து அறையில் ஃபைல்கள் குரல்வாரியாக அடுக்கி இருந்தன. முதல் ஆல்டோ ஃபைலைத் திறந்தேன்.

ஐந்து இடத்திலும் கண் இருந்தது. பென்சிலில்.

அடுத்ததைத் திறந்தேன். அதிலும் இருந்தது, எலுமிச்சம்பழ வடிவத்தில். அதற்கடுத்ததில் ஒரு அம்மா கண்ணுக்கு இமை முடியெல்லாம் போட்டு மை தீட்டியிருந்தார். டெனார் ஃபைல்களையும் பிரித்தேன். எல்லாவற்றிலும் பென்சில் கண். தாசன் என்று பெயர் எழுதிய ஃபைலில் மட்டும் அரைவட்டம் ஸ்கேல் வைத்து அளந்ததுபோல இருந்தது, ஒவ்வொரு கண்ணுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தது.

"அவர் தாலுகா ஆபீஸ்ல கிளார்க் தம்பி. திருத்தம்னா ஒப்பம் இல்லாம ஏத்துக்க மாட்டார்."

வாசலில் கிரேஸ் மிஸ். கையில் கூஜா.

நான் எழுந்து நின்றேன். மடியிலிருந்த அறுபது கண்ணும் தரையில் கொட்டிப் பரவி என்னையே பார்த்தன.

"எப்ப மிஸ் தெரிஞ்சுது?"

"மொத நாள் பயிற்சியிலயே. சோப்ரானோ நின்னுச்சு. ஆல்டோ அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. காகிதத்த வாங்கிப் பாத்தேன். எல்லாரையும் பென்சில் எடுக்கச் சொன்னேன். அஞ்சு நிமிஷ வேல."

"எங்கிட்ட ஏன் மிஸ் சொல்லல?"

"ஆல்டோ நல்லா வந்துச்சான்னு கேட்டேனே தம்பி."

ஜிகர்தண்டா நினைவுக்கு வந்தது.

"மேனேஜருக்கு…"

"அவருக்கு எதுக்கு?" குனிந்து ஒரு ஆல்டோ தாளை எடுத்துப் பார்த்தார். "இது பஸ்ஸுல வரைஞ்சதா?"

"ஆமா மிஸ்."

அன்று முதல்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். சத்தமில்லாமல்தான், தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. பிறகு தாளை என் கையில் கொடுத்தார்.

"தப்பு எல்லாருக்கும் வரும். எனக்கு அது பெருசில்ல. ஆனா நீங்க 'பாத்துட்டேன்'னு சொன்னா, அதுக்கப்புறம் நான் பாக்கணுமா, வேணாமா? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க. இந்த வயசுல என்னால எல்லாத்தையும் ரெண்டாந்தடவ பாக்க முடியாது."

அதற்கு அவர் தண்ணீர் குடித்திருக்கலாம். குடிக்கவில்லை.

"இனிமே பாக்காம சொல்ல மாட்டேன் மிஸ்."

"சரி. அந்தக் காகிதத்தப் பொறுக்குங்க. பாட வர்றவங்க மிதிச்சிருவாங்க."

மறுநாள் மாலை, வேட்டி சட்டையோடு நானும் போயிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பையையும் எடுத்துப் போயிருந்தேன். ஆராதனை தொடங்கப் பத்து நிமிஷம். குழு வெள்ளை உடையில் பக்கவாட்டில் வரிசையாக நின்றது. அப்போது டெனார் வரிசையிலிருந்து தாசன் பதறிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பழுப்பு நிறப் பிண்டம்.

"மிஸ், வீட்டுல பாப்பா காப்பிய ஃபைல் மேல கொட்டிருச்சு. ஒரு எழுத்துத் தெரியல. காகிதம் இல்லாம எனக்குப் பாட வராது மிஸ்."

"மூணு வாரமாப் பாடுறீங்களே தாசன், மனப்பாடம் இல்லையா?"

"மனசுல இருக்குங்க. ஆனா காகிதத்துல இருக்கறதுதானே மிஸ் செல்லும்?"

நான் பையைத் திறந்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு பெருமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஒன்பது டெனார் பிரதிகள், கம்ப்யூட்டரில் அடித்தவை, ஐந்து கண்ணும் அச்சில். ஒன்றை எடுத்து நீட்டினேன். தாசன் பார்த்துவிட்டு, "ஆஹா, ஒரிஜினலே வந்துருச்சு! ஒப்பமே வேண்டியதில்ல" என்றார்.

மிஸ் என்னைப் பார்த்தார். பாஸ்டர் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்துவிட்டது.

"பாத்துட்டீங்களா தம்பி?"

"பாத்துட்டேன் மிஸ்."

பாட்டு தொடங்கியது. முதல் வரி முடிவில் நாற்பத்தெட்டு பேரும் நின்றார்கள், மிஸ் கை இறங்கியதும் நகர்ந்தார்கள். இரண்டாவது வரியிலும் அப்படியே. முன்வரிசையில் செல்லத்துரை ஐயா கைகட்டி உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பதினேழாவது கட்டத்தில் எல்லாரும் போனார்கள். ஒரே ஒரு டெனார் மட்டும் நின்றது.

தாசன், காகிதத்தைப் பார்த்தபடி, அழகாக, அசையாமல், சுரத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு பேர் அவரை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள். மிஸ் வலது கையை நிறுத்தவில்லை. இடது கைச் சுண்டுவிரலை மட்டும் தாசன் பக்கம் நீட்டி, நூலில் கட்டி இழுப்பதுபோல லேசாக மடக்கினார். தாசன் நிமிர்ந்தார், மிஸ்ஸைப் பார்த்தார், ஓடிவந்து சேர்ந்துகொண்டார். கடைசி வரி வந்தது. பெரிய கண். நாற்பத்தெட்டு பேரும் நின்றார்கள். மேலூர் ரோட்டில் போன லாரியின் சத்தம் மட்டும் கேட்டது. மிஸ் அவசரப்படவே இல்லை. அப்புறம்தான் கையை இறக்கினார்.

ஆராதனை முடிந்ததும் செல்லத்துரை ஐயா நேராக வந்தார்.

"டீச்சரம்மா, மத்தியில ஒத்த ஆம்பளக் குரல மட்டும் தனியா நிக்க விட்டீங்களே, அங்கதான் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அடுத்த வருஷமும் நீங்களே நடத்துங்க."

"நன்றிங்கய்யா" என்றார் மிஸ். என் பக்கம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை காலை என் மேஜையில் தாசனுடைய பிரதி இருந்தது. பதினேழாவது கட்டத்தில், மேனேஜர் டீயைக் கேட்ட நேரத்தில் என் கை சொடுக்கிய ஆறாவது கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மிஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். பென்சிலுக்கு மூடி போட்டிருந்தார். கூஜா திறந்திருந்தது.

"இத பாத்தீங்களா தம்பி?"

"பாக்கல மிஸ்" என்றேன்.